அலுவலக நெட்வொர்க்கை மெய்நிகராக்குவது: விலேன் போதுமா, ஓவர்லே வேண்டுமா?

பாயான் லெப்பாஸிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஐடி பொறுப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் அறையில் இரண்டு மூன்று சர்வர்கள், அவற்றுக்குள் பத்து இருபது மெய்நிகர் கணினிகள், அதாவது விஎம்கள். நெட்வொர்க்கையும் இதே மாதிரி மெய்நிகராக்கிவிடலாமா என்று முதலாளி கேட்கிறார். விற்பனையாளர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்துக்கு, ஒழுங்காகப் போட்ட விலேனும், எதை விடலாம் எதைத் தடுக்கலாம் என்று பார்க்கும் ஒரு நல்ல ஃபயர்வாலும் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போக உண்மையான காரணங்கள் உண்டு. அந்தக் காரணம் உங்களிடம் இருக்கிறதா என்று கண்டுபிடித்த பிறகுதான் பொருளின் பெயரைப் பற்றிப் பேச வேண்டும்.

நெட்வொர்க் மெய்நிகராக்கம் என்றால், ஒரே கம்பி, ஒரே சுவிட்ச், ஒரே சர்வர் ஆகியவற்றின் மேல், ஒன்றையொன்று பார்க்க முடியாத பல நெட்வொர்க்குகளை மென்பொருளால் உண்டாக்குவது. இதில் இரண்டு வழிகள். ஒன்று, இருக்கும் நெட்வொர்க்கையே எண் போட்டுப் பிரிப்பது, இது விலேன். மற்றொன்று, இருக்கும் நெட்வொர்க்கை வெறும் பாதையாக வைத்துக்கொண்டு அதன் மேல் இன்னொரு நெட்வொர்க்கை ஓட்டுவது, இது ஓவர்லே. அடியில் இருக்கும் பாதைக்கு அண்டர்லே என்று பெயர்.

முதல் படி: யார் யாரோடு பேச வேண்டும்?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை சர்வர், எத்தனை விஎம், எத்தனை கிளை, எந்த மாடல் சுவிட்ச், இரவில் பிரச்சினை வந்தால் யார் எழுந்து வருவார் என்பதையெல்லாம் எழுதுங்கள். கடைசிக் கேள்வியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் தேர்வைத் தீர்மானிப்பதே அதுதான். ஒரே ஓர் ஐடி ஆள் இருக்கும் நிறுவனத்தில், நான்கு பேர் பராமரிக்க வேண்டிய பொருளை வாங்கிப் போட்டால் அது அந்த ஓர் ஆளின் தூக்கத்தைத்தான் தின்னும்.

அப்புறம், யார் யாரோடு பேச வேண்டும் என்று கோடு போடுங்கள். பாயான் லெப்பாஸில் தலைமை அலுவலகம், பிறையில் கிடங்கு, கிள்ளானில் சிறிய கிளை உள்ள ஒரு சரக்கு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவின் கணினிகள் கணக்கு சர்வரோடு பேச வேண்டும். கணக்கு சர்வர் மின்விலைப்பட்டியல் அனுப்ப இணையத்துக்குப் போக வேண்டும். சிசிடிவி கேமராக்கள் பதிவுப் பெட்டியோடு மட்டும் பேசினால் போதும். கார்டு இயந்திரம் வங்கிப் பக்கம் போக வேண்டும், வேறு எங்கும் போகக் கூடாது. வருகிற விருந்தாளியின் கைப்பேசிக்கு இணையம் மட்டும். இவ்வளவும் இன்று ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால், ஒரு கேமராவின் பழைய மென்பொருளில் உள்ள ஓட்டை வழியாகக் கணக்கு சர்வர் வரை போய்விடலாம்.

மலேசியாவில் இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2024-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை ஆணையரிடம் தெரிவிப்பது கட்டாயம். அதற்கான கெடு 72 மணி நேரம். அந்த நேரத்தில் உங்களிடம் வரும் முதல் கேள்வி, பாதிக்கப்பட்ட கணினியிலிருந்து எந்தெந்தத் தரவைத் தொட்டிருக்க முடியும் என்பதுதான். பிரிக்காத நெட்வொர்க்கில் அதற்கு ஒரே பதில்தான் இருக்கும்: எல்லாவற்றையும்.

இரண்டாம் படி: ஐபி முகவரித் திட்டம்

கடையில் வாங்கும் ரூட்டர்களில் பெரும்பாலானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற முகவரியோடுதான் வரும். மூன்று கிளையிலும் அப்படியே விட்டிருப்பார்கள். பிறகு இணைக்கப் போகும்போது மூன்றும் மோதும், கிளவுடுக்குப் போகும்போதும் மோதும். இதை இப்போதே சரி செய்யுங்கள். 10 என்று தொடங்கும் தனியார் முகவரியில், இரண்டாவது எண்ணைக் கிளைக்கும் மூன்றாவது எண்ணைப் பிரிவுக்கும் கொடுங்கள். தலைமை அலுவலகம் 10.10, பிறை 10.20, கிள்ளான் 10.30. கணக்குப் பிரிவு எல்லாக் கிளையிலும் 40 என்றால், பிறையின் கணக்குப் பிரிவு 10.20.40.0/24, அதாவது 10.20.40 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம். விலேன் எண்ணும் 40. முகவரியைப் பார்த்தவுடனே எந்த ஊர், எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். பின்னால் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வேலை வீணாகாது.

மூன்றாம் படி: விலேனை ஒழுங்காகப் போடுவது

வீட்டில் யூனிஃபை வைத்திருப்பவர்கள் விலேனை ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொந்த ரூட்டர் வாங்கி மாட்டியவர்களுக்குத் தெரியும்: இணையத்துக்கு 500, டிவி பெட்டிக்கு 600 என்று எண் போடாவிட்டால் இணைப்பு வராது. அலுவலகத்தில் செய்யப் போவதும் அதே வேலைதான்.

கம்பியில் போகும் ஒவ்வொரு தரவுத் துண்டிலும், அதாவது ஈதர்நெட் சட்டகத்திலும், 4 பைட் குறிச்சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. 802.1க்யூ என்ற தரம் அது. எண்ணுக்கு 12 பிட் இடம் இருப்பதால் 4096 எண்கள். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 4094 பயன்படும். விலேன் எண்கள் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்தி ஓவர்லே விற்க வருபவர்களிடம் உங்கள் பட்டியலைக் காட்டுங்கள். பத்துப் பதினைந்து பிரிவு வைத்திருப்பவருக்கு 4094 எந்தக் காலத்திலும் தீராது. வாடகைக்கு இடம் தரும் தரவு மையங்களின் கவலை அது.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. எண் 1-ஐ எதற்கும் பயன்படுத்தாதீர்கள். சுவிட்ச் வாங்கும்போதே எல்லாப் போர்ட்டும் அதில்தான் இருக்கும். பயன்படாத போர்ட்டுகளை எங்கும் போகாத ஒரு விலேனில் போட்டு அணைத்துவிடுங்கள். சுவிட்ச்சுக்கும் சர்வருக்கும் இடையே பல விலேன்களை ஒரே கம்பியில் கொண்டுபோகும் டிரங்க் போர்ட்டில் எல்லா விலேனையும் அனுமதிக்காமல் தேவையானதை மட்டும் எண் சொல்லி அனுமதியுங்கள். சுவிட்ச்சை நிர்வகிக்கும் முகவரிக்குத் தனி விலேன் வேண்டும்.

விலேன் போட்டுவிட்டு, எல்லா விலேனுக்கும் இடையே ரூட்டிங்கை, அதாவது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியை, திறந்து வைத்தால் எந்தப் பயனும் இல்லை. இந்த ஊர் அலுவலகங்களில் அடிக்கடி காணும் குறை இது: எண்கள் அழகாக இருக்கும், ஆனால் விருந்தாளி வைஃபையிலிருந்து கணக்கு சர்வருக்குப் பிங், அதாவது இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி, போகும். விலேன்களுக்கு இடையே ஃபயர்வால் நிற்க வேண்டும், முதல் படியில் போட்ட கோடுகளை மட்டும் அது திறக்க வேண்டும், மற்ற எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

சர்வருக்குள்ளும் இதே வேலைதான். விஎம்களை ஓட்டும் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸ் என்றால் லினக்ஸ் பிரிட்ஜ், விஎம்வேர் என்றால் விசுவிட்ச், ஹைப்பர்-வி என்றால் அதன் மெய்நிகர் சுவிட்ச். விஎம்மின் நெட்வொர்க் கார்டுக்கு விலேன் எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. தனி உரிமக் கட்டணம் எதுவும் இல்லை.

நான்காம் படி: ஓவர்லே உண்மையில் தேவையா?

கீழே உள்ளவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் தொடர்ந்து படியுங்கள்.

முதலாவது, ஒரே விலேனில் இருக்கும் இரண்டு விஎம்கள் ஒரே சர்வரில் ஓடினால், அவற்றின் பேச்சு அந்தச் சர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை. வெளியே நிற்கும் ஃபயர்வால் அதைப் பார்க்கவே பார்க்காது. ஒரு விஎம்முக்குள் வைரஸ் வந்தால் பக்கத்து விஎம்முக்குத் தாராளமாகப் போகும். ஒவ்வொரு விஎம்மின் வாசலிலும் ஃபயர்வால் வைப்பது இதற்கு மருந்து. நடுத்தர நிறுவனங்களுக்கு இதைத்தான் நான் மிக வலுவான காரணமாகக் கருதுகிறேன். ஆனால் இதற்காக மட்டும் ஓவர்லே வாங்க வேண்டியதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம் அளவில் ஃபயர்வால் கூடவே வருகிறது.

இரண்டாவது, அடியில் இருக்கும் சுவிட்ச் உங்கள் கையில் இல்லை. சைபர்ஜெயாவில் தரவு மையத்தில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள், புதிய விலேன் வேண்டுமென்றால் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றால், ஓவர்லே உங்களை அந்தக் காத்திருப்பிலிருந்து விடுவிக்கும். மூன்றாவது, ஒரே முகவரிகளைப் பயன்படுத்தும் பல வாடிக்கையாளர்களை ஒரே சர்வர் கூட்டத்தில் வைத்திருப்பது. நான்காவது, சோதனைச் சூழலை அடிக்கடி கட்டிக் கலைப்பது.

"பினாங்கு, கோலாலம்பூர் இரண்டும் ஒரே நெட்வொர்க்காகத் தெரிய வேண்டும்" என்று சிலர் ஓவர்லே கேட்பார்கள். முடியும், ஆனால் தூரம் குறையாது. இரண்டுக்கும் இடையே சாலை வழி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் போய் வர மட்டுமே 3.5 மில்லிநொடி, நிஜப் பாதை இன்னும் நீளம். ஒரு திரையைத் திறக்கத் தரவுத்தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக 500 கேள்வி கேட்கும் கணக்கு மென்பொருள் என்றால், 5 மில்லிநொடி வீதம் 2.5 நொடி ஆகும். ஊழியர்கள் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்றுதான் உங்களிடம் வருவார்கள். இரண்டு ஊரையும் ரூட்டிங் வழியாக இணையுங்கள், மென்பொருளைச் சர்வருக்குப் பக்கத்திலேயே ஓடவிட்டுத் திரையை மட்டும் தூரத்துக்கு அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: எம்டியுவைப் புரிந்துகொள்வது

எம்டியு என்பது நெட்வொர்க்கில் போகும் ஒரு தரவுப் பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எல்லை. ஓவர்லே எதை வாங்கினாலும் முதலில் கடிக்கப்போவது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் யாரும் கொள்கலனைத் திறந்து பார்ப்பதில்லை, லாரி போகும் இடத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் லாரியின் மேல் ஏற்றியதால் உயரம் கூடிவிட்டது. பாலத்தின் அடியில் அந்த உயரம் போகுமா என்று புறப்படும் முன்பே பார்க்க வேண்டும். ஓவர்லே போடும் முறைகளில் ஒன்றான விஎக்ஸ்லேன் செய்வது இதுதான். உள் சட்டகத்தை அப்படியே எடுத்து ஒரு யுடிபி பொட்டலத்துக்குள் வைத்து, 4789 என்ற போர்ட்டுக்கு அனுப்புகிறது. 2014-இல் ஆர்எஃப்சி 7348 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த இந்த முறையில் நெட்வொர்க் எண்ணுக்கு 24 பிட். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல் எண்கள். 2020-இல் ஆர்எஃப்சி 8926 ஆக வந்த ஜெனீவ் இதன் தம்பி. போர்ட் 6081, தலைப்பை நீட்டிக்கொள்ள இடம் கொடுக்கும்.

கூடும் உயரம் எவ்வளவு? விஎக்ஸ்லேனில் 50 பைட். விஎம் 1500 பைட் பொட்டலம் அனுப்பினால் வெளியே 1550 ஆகப் போகும். சாதாரண சுவிட்ச்சின் எல்லை 1500. தாண்டியதைத் தூக்கிப் போட்டுவிடும்.

இதன் அறிகுறியை நன்றாக மனதில் வையுங்கள், ஏனென்றால் இது ஏமாற்றும். பிங் போகும். லாகின் பக்கம் வரும். பெயர், கடவுச்சொல் போட்டால் உள்ளே விடும். பெரிய பட்டியலைத் திறந்தாலோ கோப்பை நகலெடுத்தாலோ அப்படியே நின்றுவிடும். சின்னப் பொட்டலங்கள் போகின்றன, பெரியவை போகவில்லை. இந்த அறிகுறியைப் பார்த்ததும் சர்வரையும் மென்பொருளையும் நோண்டாமல் நேராக எம்டியுவுக்கு வாருங்கள்.

சோதிக்கும் விதம்: பிங் கட்டளையில் பொட்டலத்தைத் துண்டாக்காதே என்ற குறியைப் போட்டு அளவைக் கொடுங்கள். தலைப்புகளுக்கு 28 பைட் போகும் என்பதால், 1500 எல்லையைச் சோதிக்க 1472, 1600 எல்லைக்கு 1572. சர்வருக்குச் சர்வர் 1572 போய் வந்தால் அண்டர்லே தயார். போகவில்லை என்றால் வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச்சிலும் எம்டியுவைக் கூட்டுங்கள். அது உங்கள் கையில் இல்லை என்றால் விஎம் பக்கம் 1450 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிளைகளுக்கு இடையே இணையம் வழியாகப் போனால் இன்னும் நெருக்கும். பிபிபிஓஇ முறையில் வரும் பிராட்பேண்டில் 8 பைட் அதற்கே போய்விடுவதால் எல்லை 1492. அதன் மேல் தரவைக் குறியாக்கம் செய்யும் ஐபிசெக், அதன் மேல் விஎக்ஸ்லேன் என்று அடுக்கினால் உள்ளே 1400-ஐயும் எட்டாமல் போகலாம். விஎக்ஸ்லேன் தன்னளவில் எதையும் குறியாக்கம் செய்வதில்லை என்பதால், இணையத்தில் ஐபிசெக்கோ வயர்கார்டோ இல்லாமல் அதை அனுப்பவே கூடாது.

ஆறாம் படி: பொருள்களை ஒப்பிடுவது

*ப்ராக்ஸ்மாக்ஸ்.* 2023 நவம்பரில் வந்த 8.1 பதிப்பிலிருந்து எஸ்டிஎன், அதாவது மென்பொருளால் நெட்வொர்க் கட்டும் பகுதி, தானாகவே நிறுவப்பட்டு வருகிறது. விலேன், விஎக்ஸ்லேன், இவிபிஎன் என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். விஎக்ஸ்லேன் மண்டலம் இணைப்பை மட்டும் தரும், வெளியே போகும் ரூட்டிங்கை நீங்கள் ஒரு ஃபயர்வால் விஎம் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவிபிஎன் மண்டலம் ரூட்டிங்கையும் சேர்த்துச் செய்யும், ஆனால் பிஜிபி என்ற ரூட்டிங் முறை தெரிந்திருக்க வேண்டும். மென்பொருளுக்கு விலை இல்லை. ஆதரவுச் சந்தா சிபியு சாக்கெட் கணக்கில். இரண்டு முதல் பத்துச் சர்வர் வரை உள்ள பினாங்கு நிறுவனத்துக்கு ஓவர்லே தேவைப்பட்டால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

*விஎம்வேர் என்எஸ்எக்ஸ்.* நிசிரா என்ற நிறுவனத்தை விஎம்வேர் 2012-இல் வாங்கியதன் தொடர்ச்சி இது. ஜெனீவில் ஓடுகிறது. விஎம் வாசலில் நிற்கும் ஃபயர்வாலும் அதன் நிர்வாகத் திரையும் இந்த வகையில் மிகவும் முதிர்ந்தவை. ஆனால் மேலாளர் விஎம் மூன்று வேண்டும். நடுத்தர அளவில் ஒன்றுக்கு 24 ஜிபி நினைவகம், ஆக 72 ஜிபி நிர்வாகத்துக்கே போய்விடும். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய பிறகு நிரந்தர உரிமம் விற்பது நின்று சந்தா முறையாகிவிட்டது. விலைப்பட்டியல் கேட்கும்போது ஃபயர்வால் பகுதி அந்தத் தொகையில் அடங்குமா, தனியா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

*மைக்ரோசாஃப்ட்.* விண்டோஸ் சர்வர் 2016-இலிருந்து மெய்நிகர் நெட்வொர்க்குகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் கன்ட்ரோலர் உண்டு, டேட்டாசென்டர் பதிப்பு கட்டாயம். ஏற்கெனவே அந்தப் பதிப்பு வைத்திருந்து, ஹைப்பர்-வியில் ஊறிய ஆள் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் இதற்காக அதற்குப் போக வேண்டாம்.

*சிஸ்கோ ஏசிஐ.* நெக்ஸஸ் 9000 சுவிட்ச்சுகளும் ஏபிஐசி கட்டுப்பாட்டுக் கருவிகளும் சேர்ந்த கட்டமைப்பு. பெரிய ஆலைக்கும் வங்கிக்கும் உரியது. இந்தக் கட்டுரை படிக்கும் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

*கிளவுட்.* அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் பிராந்தியத்தைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் அஷூர் 2025 மே மாதம் கோலாலம்பூர் வட்டாரத்தில் திறந்தது. தரவு நாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற வாடிக்கையாளர் நிபந்தனைக்கு இப்போது பதில் இருக்கிறது. அங்கே நெட்வொர்க் மெய்நிகராக்கம் கூடவே வரும். நீங்கள் சப்நெட், அதாவது முகவரித் தொகுதி, பிரித்து விதி எழுதினால் போதும். இரண்டிலுமே ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரிகளை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். வெளியே போகும் தரவுக்கு மாதாமாதம் கட்டணம் உண்டு. அதைக் கணக்கிடாமல் முதலாளியிடம் தொகை சொல்லாதீர்கள்.

*எஸ்டி-வேன்.* இது கிளைகளை இணைக்கும் வேலைக்கு. சர்வருக்குள் நடக்கும் மெய்நிகராக்கத்துக்கு மாற்று அல்ல. பிறைக் கிடங்கில் ஃபைபர் அறுந்தால் தானாக 5ஜிக்கு மாற வேண்டும் என்பது உங்கள் பிரச்சினை என்றால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம், இதைப் பாருங்கள்.

ஏழாம் படி: பழைய கணினியில் கட்டிப் பாருங்கள்

32 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்று போதும். 16 இருந்தாலும் சமாளிக்கலாம். அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவி, அதற்குள் இன்னும் இரண்டு ப்ராக்ஸ்மாக்ஸை விஎம்களாக நிறுவி, ஒன்றாகச் சேர்த்துக் கிளஸ்டராக்குங்கள். டேட்டாசென்டர் திரையில் எஸ்டிஎன் பகுதிக்குப் போய் விஎக்ஸ்லேன் மண்டலம் ஒன்று உண்டாக்கி, இரண்டு முனைகளின், அதாவது அந்த இரண்டு ப்ராக்ஸ்மாக்ஸின், ஐபியையும் கொடுங்கள். மண்டலப் பெயர் 8 எழுத்துக்கு மேல் ஏற்காது. பிறகு விநெட், அதாவது மெய்நிகர் நெட்வொர்க், ஒன்று, அதற்கு எண் 10040 என்று கொடுங்கள். இவ்வளவு செய்தும் எதுவும் நடக்காது. எஸ்டிஎன் முதல் பக்கத்தில் உள்ள அப்ளை பொத்தானை அழுத்தினால்தான் அமைப்பு முனைகளுக்குப் போகும். புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஒவ்வொரு முனையிலும் சிறிய லினக்ஸ் விஎம் ஒன்று வைத்து அந்த விநெட்டில் மாட்டுங்கள். பிங் போகிறதா? சரி. இப்போது பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து முனைகளுக்கு இடையே 4789 போர்ட்டைப் பிடியுங்கள். வெளியே முனைகளின் முகவரி, அதைப் பிரித்தால் உள்ளே விஎம்களின் முகவரி, அதற்குள் பிங்கின் எழுத்துகள்கூட வெளிப்படையாகத் தெரியும். குறியாக்கம் இல்லை என்று மேலே சொன்னதைக் கண்ணால் பார்க்கும் இடம் இது.

அடுத்து, விஎம்முக்குள் எம்டியுவை வேண்டுமென்றே 1500 ஆக வைத்து ஒரு பெரிய கோப்பை நகலெடுங்கள். அது நிற்பதைப் பாருங்கள். 1450 ஆக மாற்றினால் ஓடும். அப்போது துண்டாக்காத பிங் 1422 வரை போகும், 1423 போகாது. மண்டலத்தின் எம்டியு 1450 என்று இருந்தாலும் விஎம்முக்குள் இருக்கும் கார்டு 1500-இலேயே நின்றுவிடலாம் என்பதால் இரண்டையும் பார்க்கப் பழகுங்கள்.

எட்டாம் படி: மாற்றுவது

நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வெற்றி. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை என்றால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நெட்வொர்க்கில் கையே வைக்காதீர்கள். தைப்பூச விடுமுறை நல்ல நாள் மாதிரித் தெரியும், ஆனால் உதவிக்கு அழைக்க வேண்டிய ஆளெல்லாம் தண்ணீர்மலையிலோ பத்துமலையிலோ இருப்பார்கள். கிடங்கு மூடியிருக்கும் சாதாரண ஞாயிறு காலையே நல்லது.

சுவிட்ச்சின் அமைப்பைக் கோப்பாக எடுத்து உங்கள் மடிக்கணினியில் வையுங்கள். நெட்வொர்க் விழுந்தால் சர்வரில் உள்ள நகல் கைக்கு வராது. சுவிட்ச்சோடு நேராக இணைக்கும் கன்சோல் கம்பி கையில் இருக்கட்டும். எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழையபடி திருப்புவது என்று முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதலில் விருந்தாளி வைஃபையை மட்டும் பிரியுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். ஃபயர்வால் பதிவில் எது தடுக்கப்படுகிறது என்று தினமும் பாருங்கள். முதல் படியில் நீங்கள் கோடு போட மறந்த பிரிண்டரும் வருகைப் பதிவு இயந்திரமும் அங்கேதான் தலைகாட்டும். அடுத்து சிசிடிவி, அப்புறம் கணக்குப் பிரிவு. கார்டு இயந்திரத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு, அதைக் கொடுத்த வங்கியின் தொழில்நுட்ப ஆளிடம் நாளும் நேரமும் முன்பே சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றியதும் ஒரு ரிங்கிட்டுக்கு விற்பனை போட்டு, ரசீது வந்த பிறகு கடையைத் திறக்கச் சொல்லுங்கள்.